ஐந்தில் நான்கு

மொய்யை இரண்டு தடவை எழுதிவிட்டேன்.
அதுதான் தொடக்கம் என்று சொல்ல முடியாது.
நாலு பேர் முன்னால் நடந்தது அதுதான்.
கொரடாச்சேரியில் கல்யாணம். 'ஆலத்தம்பாடி வைரக்கண்ணு, ஐநூறு'
என்று நோட்டை நீட்டினேன்.
எழுதிக்கொண்டிருந்த பையன் பேனாவை நிறுத்தி
மேல் வரியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
'சித்தி வீட்டு மொய்யா மாமா?' என்று
எனக்கு ஒரு வழி வெட்டிக் கொடுத்தான்.
ஆமாம் என்றேன்.
இன்னொரு ஐநூறு போனது பெரிதில்லை.
அவன் முகத்தில் இருந்த இரக்கத்தை
எந்த வாய்க்காலில் வடிப்பது.

அதற்கு முன்னால்,
மோட்டார் விடிய விடிய ஓடி
பக்கத்துக்காரன் உளுந்து முழுகிக் கிடந்தது.
மன்னார்குடி பஸ் ஸ்டாண்டில்
எல்லா போர்டையும் படித்தேன்,
என் ஊர் எதில் இருக்கிறதென்று மட்டும் தெரியவில்லை.
யாரையும் கேட்காமல்
வெள்ளரிப்பிஞ்சு வாங்கித் தின்றபடி நின்றேன்.
கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டது,
பெயரும் பஸ்ஸும்.

முப்பத்தொரு வருஷம் லஸ்கர்.
எந்த ஷட்டருக்கு எத்தனை சுற்று என்று
இப்போதும் கை சொல்லும்.
தலைமடையில் குறை இல்லை.
நேற்றுச் சொன்னதும் இன்று காலை சொன்னதும்தான்
வந்து சேரவில்லை.
கடைமடைக்காரன் கலெக்டரிடம் மனுக் கொடுப்பான்.
நான்?

தையல்நாயகியிடம் பென்ஷன் ஆபீஸ் என்று சொல்லிவிட்டு
ஆறே முக்கால் பஸ்ஸில் திருவாரூர் கிளம்பினேன்.
அடுப்பைப் பார்த்தபடி அவள் ஏதோ சொன்னாள்.
தலையாட்டினேன்.

மெடிக்கல் காலேஜில் செருப்பை வெளியே விடச் சொன்னார்கள்.
டாக்டர் சின்னப் பெண்.
'அஞ்சு வார்த்தை சொல்றேன் ஐயா, அப்புறம் கேப்பேன்.
வாழை, செருப்பு, கடிதாசி, மஞ்சள், பாலம்.'
இன்றைக்கு என்ன தேதி?
பங்குனி ஒன்பது என்றேன்.
மொபைலை எடுத்துப் பார்த்துத்தான் சரி போட்டாள்.
நூறிலிருந்து ஏழேழாகக் குறைக்கணும்.
தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது,
மாசியில் அணை மட்டம் இறங்குகிற மாதிரி
இறங்கிக்கொண்டே போனேன். போதும் என்றாள்.
ஒரு நிமிஷத்தில் எத்தனை மிருகம்?
மாடு, ஆடு, நரி, கீரி,
பிறகு ஏனோ
வெட்டாறு, ஓடம்போக்கி, பாண்டவையாறு, கோரையாறு.
அவள் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டாள்.
அந்த அஞ்சு வார்த்தை?
வாழை. மஞ்சள். பாலம். கடிதாசி.
இன்னொன்று நாக்கு நுனியிலும் இல்லை,
எங்குமே இல்லை.

'பி ட்வெல்வ் குறைஞ்சாலும் இப்படி வரும்.
ரத்தம் குடுங்க. ஆறு மாசம் கழிச்சு வாங்க.'
பயப்படணுமா?
'இப்பவே சொல்லத் தெரியாது ஐயா.'
அந்தத் தெரியாது எனக்குப் பிடித்திருந்தது.

வெளியே வந்தால்
வாசலில் கிடக்கிறது ஐந்தாவது வார்த்தை,
ஜோடி ஜோடியாக.
என்னுடையதற்குப் பக்கத்தில்
வலது வாரில் நீல நூல் தைத்த ஒன்று.
அந்த ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தவன் நான்.

எதிர் அறையிலிருந்து தையல்நாயகி வந்தாள்,
கையில் என்னுடையதைப் போலவே ஒரு சீட்டு.
நீயா?
'காலைலயே சொன்னேனே,
அடுத்த பஸ்ல நானும் வர்றேன்னு.'
சொன்னாளா,
சொன்னதாக நினைக்கிறாளா?
எங்கள் இரண்டு பேரில்
யாரைச் சாட்சிக்குக் கூப்பிட.

'எத்தனை வந்துச்சு?'
'அஞ்சுல நாலு.'
'எது விட்டுப்போச்சு?'
'அது தெரிஞ்சா அஞ்சுக்கு அஞ்சுதானே?'
சிரித்துவிட்டோம்,
நர்ஸ் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு.

திரும்புகிற பஸ் பாலம் ஏறும்போது
கேட்டேன், வீட்டைப் பூட்டினாயா என்று.
கடைசியாகக் கிளம்பியவள் அவள்.
இடுப்பைத் தடவினாள்.
'சாவி இருக்கு' என்றாள்.
பூட்டினேன் என்று சொல்லவில்லை.